செல்வம் அண்ணன் கொடுத்த பென்டிரைவ்

1. மூடின சென்டர்

“டீச்சர், சென்டரை மூடிட்டேன். நீங்க ஒருதரம் வந்து மிஷினைப் பாருங்க. பாத்துட்டு நான் திருடியா இல்லையான்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க.”

போனில் தமிழரசி இப்படித்தான் ஆரம்பித்தாள். அழுதிருந்தால் ரெண்டு அதட்டு அதட்டி வழிக்குக் கொண்டுவந்திருப்பேன். எனக்கு அதட்டத்தான் நன்றாக வரும். அவளோ மளிகைச் சாமான் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். “வரேன், இரு” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

அப்போது நான் அரியலூரில் ஒரு டிரஸ்டில் சிஸ்டம் இன்சார்ஜ். கிராமத்துப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து, அவரவர் ஊரிலேயே ஒரு சென்டர் வைக்க வழி பண்ணுவது என் வேலை. இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டில் எல்லாரும் சாக்பீஸ் பிடித்தவர்கள், நான் கீபோர்டைப் பிடித்தேன். வாத்தியார் புத்தி மட்டும் போகவில்லை. அதனால்தான் இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தமிழரசி அப்படி என்னிடம் படித்தவள். ஊர் விக்கிரமங்கலம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு காலேஜ் அப்ளிகேஷன், பென்ஷன் மனு, மெயில் ஐடி என்று எல்லாம் போட்டுக் கொடுத்தாள். பயந்து பயந்து வருகிறவர்களிடம் “நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க” என்பாள். சொல்லப்போனால் அந்த ஒரு வார்த்தையில்தான் சென்டரே ஓடியது.

நான் போய்ச் சேர்ந்ததும் நடந்ததைச் சொன்னாள். அவளிடம் மெயில் ஐடி திறந்தவர்களின் கணக்குகள் ஒவ்வொன்றாகக் கைமாற ஆரம்பித்தன. சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பையனுக்கு, “அவசரம், உடனே உதவு” என்று அப்பா பெயரில் மெயில் போயிருக்கிறது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்தது தமிழரசியின் தெருவிலேயே இருக்கும் பெருமாளின் மகள் சுகன்யா. நர்சிங் சீட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். சீட்டும் கிடைத்துவிட்டது. உள்ளே போய் ‘சம்மதம்’ என்று அமுக்க வேண்டியதுதான் பாக்கி. பாஸ்வேர்டு மாறியிருந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்றால் மெயிலும் திறக்கவில்லை. கடைசி நாள் தாண்டியது, சீட்டு வேறு யாருக்கோ போய்விட்டது.

ஊர் கணக்குப் போட்டுப் பார்த்தது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது தமிழரசியின் மிஷின் ஒன்றுதான்.

பெருமாள் அவளுக்கு மாமா முறை. வாசலில் நின்று, “எம்புள்ள பாஸ்வேர்டை எவன்கிட்ட வித்த? சொல்லிரு. திங்கக்கெழம போலீசுக்குப் போறேன்” என்று கத்திவிட்டுப் போயிருக்கிறார். டீக்கடையில் வேறு ஒருவர், “நாத்து நட்டவ பொண்ணுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு” என்றாராம். இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

2. யாரும் படிக்காத வரிகள்

அந்த மிஷினை ஓட்டுகிற சிஸ்டம் லினக்ஸ். எல்லாருக்கும் தெரிந்த சிஸ்டத்தின் புது வெர்ஷன் அந்தப் பழைய பெட்டியில் ஏறாது. லினக்ஸ் இலவசம், பழைய பெட்டியிலும் ஓடும். அதைப் போட்டுக் கொடுத்தவர் பெரம்பலூரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் செல்வம் அண்ணன். கைராசிக்காரர், பேராசை இல்லாதவர். சென்டர் வைக்கிற பெண்கள் என்றால் கூலியே வாங்க மாட்டார்.

எங்கள் பக்கம் ஒரு பழக்கம் இருந்தது. லினக்ஸ் வேண்டுமென்றால் யாரும் டவுன்லோடு பண்ணுவதில்லை. கிராமத்து நெட்டில் அவ்வளவு பெரிய ஃபைலை இறக்குவதற்குள் உயிர் போய்விடும். செல்வம் அண்ணன் கடையில் நல்ல கனெக்‌ஷன் இருந்தது. அவர் இறக்கி பென்டிரைவில் போட்டுவைப்பார். ஜெயங்கொண்டத்தில் கடை வைத்திருப்பவர் ஒரு காப்பி எடுப்பார், அவரிடமிருந்து பூலாம்பாடிக்காரர் எடுப்பார். “எங்க வாங்கினது?” என்றால் “அண்ணன் பென்டிரைவ்” என்பார்கள். அதற்கு மேல் கேள்வி கிடையாது. கேட்டால் அண்ணனைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும்.

மிஷினை ஆன் பண்ணினேன். பிரவுசரைப் பார்த்தேன், புரோகிராம்களைப் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று ஒழுங்காக இருந்தது. அப்டேட்டும் புதுசாக இருந்தது.

“நீங்க சொன்னபடி வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அப்டேட் போட்டேன் டீச்சர். ஒரு வாரம் தவறல” என்றாள்.

“எங்கே, இப்ப என் முன்னாடி ஒருதரம் போடு.”

போட்டாள். கருப்புத் திரையில் வரிகள் ஓடின. எந்த சர்வரிலிருந்து என்ன வருகிறது என்று சொல்லும் வரிகள் அவை. யாரும் அவற்றைப் படிப்பதில்லை, முடிந்ததா என்று மட்டும் பார்ப்போம். நான் நிறுத்தச் சொல்லி மேலே போய் ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லா வரியும் லினக்ஸ்காரர்களின் சர்வர் முகவரி. நடுவில் ஒன்று மட்டும் நான் கேள்விப்பட்டே இராத முகவரி. பிரவுசருக்கான அப்டேட் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. யார் கொடுக்கும் அப்டேட்டை ஏற்கலாம் என்பதற்கு சிஸ்டத்துக்குள்ளே சில சாவிகள் இருக்கும். இந்த ஊர்பேர் தெரியாத முகவரியின் சாவியும் அவற்றோடு உட்கார்ந்திருந்தது. அதனால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

அந்த பிரவுசரில் டைப் பண்ணியதெல்லாம் வெளியே போயிருக்கிறது. நெட் கேபிளைப் பிடுங்கினேன்.

விளக்கிச் சொன்னேன். “அப்ப நான் ஒழுங்கா அப்டேட் போட்டதாலதான் டீச்சர் அந்தப் பொண்ணு சீட்டு போச்சா?”

“வாயை மூடு. தப்பு உன்மேல இல்ல” என்றேன். கோபமாகத்தான் வந்தது. யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாளே பெருமாளிடம் போய் நான் பேசுகிறேன் என்றேன்.

“நான் சொன்னா யாரு டீச்சர் நம்புவா? நீங்க சொன்னாலும், நீங்க என் டீச்சருதானே.”

அவள் சொன்னது சரி. அண்ணன் அவளிடம் விட்டுப்போயிருந்த பென்டிரைவ் காப்பியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

3. அதே பக்கத்தில் இருந்த சாட்சி

ஒரு ஃபைலை முழுக்கப் படித்து, அதற்கென்று ஒரு நீளமான எழுத்து வரிசையைக் கணக்குப் போட்டுத் தரும் கமாண்ட் இருக்கிறது. ஃபைலில் ஒரு துளி மாறினாலும் வரிசை மொத்தமாக மாறிவிடும். அதைத்தான் செக்சம் என்கிறோம். டிரஸ்ட் ஆபீசில் உட்கார்ந்து, லினக்ஸ்காரர்களின் சொந்த சைட்டிலிருந்து அவர்கள் கொடுத்த செக்சத்தை எடுத்தேன். அதோடு, அவர்களுடைய ரகசியச் சாவி இல்லாமல் யாரும் போட முடியாத கையெழுத்து ஃபைலையும் எடுத்து, செக்சம் அவர்கள் கொடுத்ததுதானா என்று முதலில் சரிபார்த்தேன். பிறகு அண்ணன் பென்டிரைவின் காப்பிக்கு செக்சம் போட்டேன். ரெண்டும் சம்பந்தமே இல்லாமல் இருந்தன.

பெரம்பலூர் பஸ்ஸில் முழு நேரமும் எனக்கு ஒரே யோசனை. நான் முதன்முதலில் மதர்போர்டைக் கையில் பிடித்ததே செல்வம் அண்ணன் கடையில்தான். பொம்பளைப் பிள்ளைக்கு இது சரிப்படாது என்று எல்லாரும் சொன்ன காலத்தில் ஸ்க்ரூடிரைவரை என் கையில் கொடுத்தவர். அவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் தமிழரசி திருடியாகிவிடுவாள். ரெண்டில் ஒரு பெயர் கெடத்தான் போகிறது.

கடையில் கூட்டம் இல்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“என்னையே செக் பண்ணிப் பாத்தியா ஜெசி?” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

“உங்களை இல்லண்ணே. ஃபைலை.”

“நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா எறக்குறேன்? செக்சம் பாத்துட்டுத்தான்மா போட்டேன். சரியா இருந்துச்சு. எழுத்துக்கு எழுத்து பாத்தேன்.”

“எந்த செக்சத்தோட பாத்தீங்க?”

“அதே பக்கத்துல போட்டிருந்தான்ல, அதோடதான்.”

அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். தேடியதும் எல்லாவற்றுக்கும் மேலே விளம்பரமாக வந்த லிங்க் அது. அசல் சைட் மாதிரியே படம், அசல் மாதிரியே பட்டன். வேகமாக இறங்கியதால் அங்கிருந்தே எடுத்திருக்கிறார். கெட்ட ஃபைலைக் கொடுத்தவனே அந்தக் கெட்ட ஃபைலுக்கான செக்சத்தையும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். பிறகு பொருந்தாமல் எங்கே போகும்? திருடனையே கூப்பிட்டு சாட்சி சொல்லச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. சாவி போட்ட கையெழுத்தைச் சரிபார்த்திருந்தால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

அண்ணன் மவுஸை விட்டுக் கையை எடுத்தார். துணியால் மேசையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த மேசைதான்.

“எத்தனை வூட்டுக்குப் போயிருக்கும் இது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, “அந்தப் பொண்ணைத் திருடின்னா சொல்றாங்க?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே.”

போனை எடுத்தார். ஜெயங்கொண்டம், பூலாம்பாடி என்று காப்பி எடுத்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, “நான் குடுத்தது கெட்டுப்போனது. கஸ்டமர் மிஷின்லேர்ந்து நெட்டைப் பிடுங்கு. எல்லாரையும் வேற போன்லேர்ந்து பாஸ்வேர்டு மாத்தச் சொல்லு. மிஷினைச் சுத்தம் பண்றேன்னு நிக்காத, மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போடு” என்றார். ஒருவர் கண்டபடி ஏசினார். எனக்கே கேட்டது. அண்ணன் “சரிப்பா, சரிப்பா” என்று வாங்கிக்கொண்டார்.

4. விக்கிரமங்கலத்தில்

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு அண்ணன் வந்துவிட்டார். தமிழரசி வீட்டுக்குப் போகவில்லை, நேராகப் பெருமாள் வீட்டு வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். தெருவில் ஆள் கூடிவிட்டது. தமிழரசி தன் வீட்டு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“நான் பெரம்பலூர்ல சர்வீஸ் கடை வச்சிருக்கேங்க. அந்தப் பொண்ணு மிஷினுக்கு எல்லாம் போட்டுக் குடுத்தது நான்தான். நான் போட்டதுலயே களவாணி இருந்திருக்கான். எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல.”

“நீ அவளுக்கு வேண்டப்பட்டவன். சொல்லத்தான் செய்வ” என்றார் பெருமாள்.

“வேண்டப்பட்டவன்னா வேற எவன் மேலயாவது பழியைப் போட்டுட்டுப் போயிருப்பேன்ல. என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்க எனக்கென்ன கிறுக்கா? போலீசுக்கு வாங்க, நானும் வரேன். பென்டிரைவ் இந்தா இருக்கு. அங்கயும் இதையேதான் சொல்லுவேன்.”

பெருமாள் அந்த பென்டிரைவை வாங்கவில்லை. அப்புறம் கேட்டார்: “எல்லாம் சரி. எம்புள்ள சீட்டுக்கு என்ன பதில்?”

கதவுக்குப் பின்னால் சுகன்யா நின்றிருந்தாள். அந்தப் பிள்ளையை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை பெருமாள் போலீசுக்குப் போனார். புகாரில் தமிழரசி பெயர் இல்லை. அண்ணன் கூடவே போய், தெரிந்ததை எல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அந்த சைட்டை நடத்தியவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. நர்சிங் சீட்டும் திரும்பி வரவில்லை. சுகன்யா அரியலூரில் காலேஜில் வேறு ஏதோ பாடம் எடுத்துச் சேர்ந்தாள். அண்ணன் கடைக்கு வரும் ஆட்கள் கொஞ்ச காலம் குறைந்துபோனார்கள்.

5. ஆறின டீ

தமிழரசி மிஷினுக்குப் புதிதாகப் போட அண்ணனே வந்தார். நானும் டிரஸ்ட் லேப்டாப்போடு போயிருந்தேன். அவள் டீ போட்டு வைத்தாள். அவர் தொடவில்லை. பென்டிரைவை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி, “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, ஒருதரம்...” என்றாள்.

“பாரும்மா. நீ பாத்தாதான் நான் நிம்மதியா இங்க உக்கார முடியும்.”

அந்த லேப்டாப்பில் அசல் சைட்டுக்கு அவளே போனாள். செக்சம், கையெழுத்து, சாவி என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். அண்ணன் பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தார். ‘கையெழுத்து சரி’ என்ற வரி வந்தது. அதற்குப் பிறகுதான் டம்ளரை எடுத்தார். சூடு போய்விட்டது, வேறு போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று அதையே குடித்தார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, நான் சொல்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஃபைல் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே சாட்சியையும் வாங்காதீர்கள். அப்டேட் எங்கிருந்து வருகிறது என்று அந்த வரிகளைப் படியுங்கள். கொடுக்கிறவர் உங்கள் உயிரானவராக இருந்தாலும் அவர் எதிரிலேயே சரிபாருங்கள். அதில் அவருக்கு ஒரு குறையும் வந்துவிடாது. பார்க்காமல் வாங்கினால்தான் கடைசியில் அவர் தெருவில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

போன மாதம் தமிழரசி சென்டருக்குப் போயிருந்தேன். சுகன்யா ஹாஸ்டல் மனு போட வந்தாள். அன்றைக்குப் பிறகு முதல்முறையாக வருகிறாளாம். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்: “அக்கா, இந்த மிஷின் இப்ப நம்பலாமா?”

“நான் இருக்கேன்ல” என்று தமிழரசி சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொல்லவில்லை. மானிட்டரை அந்தப் பெண் பக்கமாகத் திருப்பி, அப்டேட்டைப் போட்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் சுகன்யா உட்கார்ந்தாள்.