சிவப்புச் சீட்டுக்கு மட்டும்

அப்பாவும் கயல்விழியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சீட்டுக்கட்டு துடைத்தது. கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா பவுடர் தூவித் துடைத்துக் கொடுத்தார். அவள் வாங்கி அடுக்கினாள். சில சீட்டுகளை மட்டும் அவர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, சாய்த்து, திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா தேடுறீங்க?"

"அழுக்கு இருக்கான்னு பாக்குறேன்மா."

அழுக்கு இல்லை. கயல்விழி அதை மனதில் குறித்துக்கொண்டாள். ஆலைகளின் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது அவள் தொழில்; பொருந்தாத எதுவும் கண்ணில் பட்டுவிடும். அதுவும் அந்த வாரம் பட்டே தீரும். சிதம்பரத்தில் நடந்த பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டியில் அப்பா தன் ஜோடிக்காரருக்குச் சைகை காட்டி ஆடினார் என்று எதிரணி புகார் கொடுத்திருந்தது. சீட்டில் அடையாளம் ஏதும் வைக்கிறாரா?

கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாரடைப்பில் அப்பா போய்விட்டார்.

அப்பா தங்கராசு மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். கரும்பு போட்ட குடும்பம். அவர் மட்டும் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் சாறு பரிசோதிக்கும் வேலைக்குப் போனார். அலுவலர் மன்றத்தில் ஒருநாள் பிரிட்ஜுக்கு நான்காவது ஆள் வரவில்லை. சும்மா உட்காருங்கள் என்று கூப்பிட்டார்கள். உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. ஊரில் சீட்டாட்டக்காரன் என்று பெயர். பந்தயம் வைத்து அவர் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை என்று சொன்னால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

"காசு வெக்காம சீட்டாடுற மனுசன் எதுக்குடி ஏமாத்தணும்? ஒரு எவர்சில்வர் கப்புக்கா?" என்றாள் அம்மா மங்கலம். "அந்தக் கப்புல நான் புளிதான் போட்டு வெச்சிருக்கேன்."

கயல்விழி சிரிக்கவில்லை. அப்பாவின் போனுக்கு 04144 எண் ஒன்றிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. சிதம்பரம். புகார்க்காரர்களாகத்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் துண்டித்தாள். வரும் புதன்கிழமை போட்டிக் குழு கூடி முடிவு சொல்லப்போகிறது. செத்தவர் பெயருக்கு எதிரே ஏமாற்றுக்காரர் என்று எழுதினால் மறுத்துப் பேச அவர் இல்லை. மறுக்கலாமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

அவளுடைய சந்தேகம் பார்ட்னர் சுப்பிரமணியன் மேல் போனது. அப்பாவுடன் ஜோடி சேர்ந்து ஆடியவர், முன்னாள் வங்கி மேனேஜர், சிதம்பரம் தெற்கு வீதி. சாவுக்கு வந்து ஓரமாக நின்றவர், யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார். பிரிட்ஜில் ஒரே ஜோடிக்காரர்கள் ஏலம் கேட்பதிலும் சீட்டு இறக்குவதிலும்தான் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லலாம். முகத்தால், கையால், தயங்குவதால் சொல்வது தப்பு. அப்பாவை அதில் பழக்கியவர் இவர்தானா?

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனாள்.

"மொதல்ல காபி குடிம்மா."

"எங்கப்பா சைகை காமிச்சாரா சார்?"

சுப்பிரமணியன் தம்ளரைக் கீழே வைத்தார். "காமிச்சாருன்னுதான் நானும் நெனச்சேன்."

கயல்விழி காபியைத் தொடவில்லை.

"ஒரு வருசமாவே அப்படித்தான். சீட்டு எறக்கறதுக்கு முன்னாடி நிறுத்துவாரு. கையில பெரிய சீட்டு இருக்குன்னு எனக்குச் சொல்றாரோன்னு தோணும். அதனால வேணும்னே அதுக்கு நேர்மாறா ஆடுவேன். பார்ட்னர் தயங்கினா அத வெச்சு லாபம் பாக்கக் கூடாது. அதுதான் ஒழுங்கு. அதனால எத்தனை ஆட்டம் தோத்தோம் தெரியுமா?"

"அப்புறம் எதுக்குப் புகார்?"

"அன்னிக்குன்னு பாத்து நேர்மாறா ஆடினது சரியா விழுந்து ஜெயிச்சுட்டோம். அவரு காமிச்சுதான் நான் ஆடினேன்னு நெனச்சுட்டாங்க."

"அவருகிட்டயே கேட்டிருக்கலாமே சார்."

"கூட ஆடறவர்கிட்ட நீங்க திருடனான்னு எப்படிம்மா கேக்கறது?"

அவருக்கும் சந்தேகம். ஆனால் அது அப்பா மேல். இது அவள் எதிர்பார்க்காதது. தன் தொழில் வழக்கப்படி முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கினாள்.

"அந்த ஆட்டத்துல எந்தச் சீட்டுக்கு நிறுத்தினாரு?"

"ஆட்டின்."

"அதுக்கு முன்னாடி?"

"டைமன். ரெண்டு தடவ."

"ஸ்பேடுக்கு? கிளாவருக்கு?"

"அதுக்கு எங்க நிறுத்தினாரு? டக்கு டக்குனு எறக்கிடுவாரு. கையில பெரிய சீட்டு இருந்தாக் கூட..." சுப்பிரமணியன் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

ஸ்பேடும் கிளாவரும் கறுப்பு; வெள்ளை அட்டையில் கறுப்புக்கு விளிம்பு தெளிவாகத் தெரியும். பழைய சீட்டுக்கட்டில் மங்கிப்போன சிவப்புக்கு அப்படித் தெரியாது. பார்வை தளர்ந்தவருக்கு ஆட்டினும் டைமனும் ஒரே சிவப்புக் கறை. அன்று ஜன்னலுக்குத் தூக்கிப் பார்த்ததும் சிவப்புச் சீட்டுகளைத்தான்.

"கண்ணு சார்" என்றாள். "என்கிட்ட கூடச் சொல்லல."

"என்கிட்ட எப்படிம்மா சொல்லுவாரு?" சுப்பிரமணியன் நெற்றியைத் தேய்த்தார். "எனக்கு முன்ன ஒரு பார்ட்னர் இருந்தாரு. கண்ணு மங்குதுன்னதும் கேரம் ஆடப் போங்கன்னு கழட்டி விட்டேன். பெரிய ஜோக்கு மாதிரி அத உங்கப்பாகிட்டயே சொல்லியிருக்கேன்."

அவருக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது.

"போட்டியன்னிக்கு மேல வீதியில ஒரு கடைக்குப் போகணும்னு சொல்லிட்டே இருந்தாரு. புகாரு பேசி முடிக்கறதுக்குள்ள சாத்திட்டாங்க. சரி, அடுத்த வாட்டி வாங்கிக்கறேன்னாரு."

"என்ன கடை?"

"கேக்கலம்மா."

கயல்விழி பையிலிருந்து அப்பாவின் போனை எடுத்தாள். துண்டித்துக்கொண்டே வந்த எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் குரல் எடுத்ததுமே பொரிந்தது.

"தங்கராசு சாரா? கண்ணாடி எப்பவோ ரெடிங்க. எத்தன வாட்டி கூப்புடுறது? கடலூருல வேணாம், இங்கயே போட்டுக்குடுன்னு அவசரப்படுத்தினீங்க, இப்ப போனையே எடுக்க மாட்டேங்கறீங்க!"

"நான் அவர் பொண்ணு."

சுப்பிரமணியன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார். "இரும்மா, நானும் வரேன். நாளைக்கு கமிட்டி மேசை மேல அந்தக் கண்ணாடிய நான் வெக்கிறேன். கேரம் கதையையும் நானே சொல்றேன்."

"அரை மணியில வரேங்க" என்றாள் கயல்விழி போனில்.

"நீங்க மட்டும் வந்தா எப்படிங்க? சாரையும் கூட்டிட்டு வாங்க. மூக்குல வெச்சுப் பாத்துதான் சரி பண்ணணும்."