நான் எழுதி வாங்கிய வெளிச்சம்

எங்கள் கீழத்தெருவுக்கு அந்த விளக்குக் கம்பம் வந்தது நான் எழுதிய மனுவால். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் என்பதால் தெருவில் யாருக்கு மனு வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். பட்டா மாறுதல், ரேஷன் அட்டை, முதியோர் பணம் எல்லாம் எழுதிப் பழகிய கைதான். விளக்குக்கான மனுவை மட்டும் நான்கு முறை கிழித்துப் போட்டு எழுதினேன். மேலத்தெருவில் நான்கு விளக்கு முகம் வைத்த உயரமான கம்பம் இருந்தது. எங்களுக்கு ஒரே ஒரு டியூப் லைட், தூறல் போட்டாலே அணைந்துவிடும். 'மேலத்தெருவில் உள்ள அதே உயரத்தில், அதே எண்ணிக்கையில்' என்று எழுதி, இரண்டு 'அதே'வுக்கும் கீழே கோடு போட்டேன்.

வந்தது. அதே உயரம், அதே நான்கு முகம். வீட்டுக்குள் விளக்கு இருந்தும் அம்மா அன்று கம்பத்தடியில் உட்கார்ந்துதான் அரிசியில் கல் பொறுக்கினாள்.

தஞ்சாவூரில் வேலை கிடைத்த பிறகு, இரவு வானத்தைக் காக்க வேண்டும் என்று அலைகிற ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். மொத்தம் ஆறு பேர். ஞாயிறுதோறும் ஏதாவது ஓர் ஊருக்குப் பஸ் ஏறுவோம். வானத்தைப் பார்த்து எரிகிற விளக்குகளை எண்ணுவோம். கடை பூட்டியதும் போர்டு விளக்கை அணைக்கச் சொல்வோம். தெருவிளக்குக்குத் தகர மூடி போட்டால் வெளிச்சம் தரையில் மட்டும் விழும் என்று எடுத்துச் சொல்வோம். மாதிரி மூடியைத் தூக்கிக்கொண்டு வருவது என் பொறுப்பு. "கோழி கவுக்கவா தம்பி?" என்று கண்டக்டர் ஒருவர் கேட்டார். இத்தனை ஊர்களில் பேசியும் என் தெருக் கம்பத்தைப் பற்றிக் குழுவில் நான் வாய் திறந்ததில்லை. யார் கேட்டு வைத்தது என்ற கேள்வி வருமே.

புரட்டாசிக் கடைசியில் பூதலூர்ப் பக்கம் ஒரு டீக்கடை வாசலில் நின்று, நகர வெளிச்சம் எப்படி நட்சத்திரங்களை விழுங்குகிறது என்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்தவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்:

"நட்சத்திரத்தப் பாத்து நான் என்ன தம்பி பண்ணப் போறேன், ஜாதகமா எழுதப் போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் குழுவில் விதைப் பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் உண்டு. அவர் முன்னால் வந்தார்.

"நட்சத்திரத்த விடுங்கண்ணே. பழைய ரகச் சம்பா எத வச்சு கதிர் விடுது? ராத்திரி நீளுதுல்ல, அத வச்சுத்தான். பக்கத்துல விடிய விடிய விளக்கு எரிஞ்சா பயிருக்கு ராத்திரியே வராது. பச்சையாவே நிக்கும்."

"எங்க ரோட்டோர வயல் அப்படித்தாங்க நின்னுச்சு," என்றார் ஒருவர். பெஞ்சு மொத்தமும் அக்கா பக்கம் திரும்பியது. என் கண்ணில், எங்கள் தெருக் கம்பத்தை ஒட்டிய அத்தையின் வயல் வந்து நின்றது.

"ஏன் தம்பி, ஒங்க ஊர்ல மூடியாச்சா?" கடைக்காரர் என்னைத்தான் கேட்டார்.

"ஆச்சுங்க."

திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். மனு, கோடு போட்ட 'அதே', எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. "கார்த்திகை பொறக்கறதுக்குள்ள அந்த வயலுக்கு இருட்டு கெடைச்சா பொழைக்கும். அப்புறம்னா சொல்ல முடியாது தம்பி," என்றார். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் எங்காவது போக வேண்டும்.

அத்தை அப்பாவின் தங்கை. மாமா திருப்பூரில் வேலை பார்க்கிறார். மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அத்தை தனியாகவே மாப்பிள்ளைச் சம்பா போடுகிறாள். கம்பத்தின் ஒரு முகம் அந்த வயலைப் பார்த்துத்தான் இருக்கிறது. போன வருஷம் மற்றதெல்லாம் பழுத்து அறுப்பு மிஷின் வந்தபோது, கம்பத்தை ஒட்டிய பகுதி மட்டும் கதிரே இல்லாமல் பச்சையாக நின்றது. அத்தை உரத்தைச் சந்தேகப்பட்டாள். விதை கொடுத்தவரோடு பேச்சை நிறுத்தினாள். கடைசியில் கண்ணேறு என்று வரப்பில் வைக்கோல் பொம்மை நட்டாள். நிலக்காரர், இந்த வருஷமும் இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அக்கா சொன்னதை நான் சொல்லி முடித்ததும் அத்தை கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப கண்ணு வச்சது நீதானா மருமவனே?"

மறுநாளே குழாயடியில் பெண்கள் கூடியிருந்த நேரத்தில் பேச்சை எடுத்தேன். தரையில் வெளிச்சம் குறையாது, மேலேயும் வயலிலும் போவதைத்தான் தடுக்கிறோம் என்று மாதிரி மூடியைக் கவிழ்த்துக் காட்டினேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு அண்ணி கேட்டாள்:

"மேலத்தெருவுல மூடிட்டாங்களா?"

"இல்ல அண்ணி."

"அப்ப அவங்களுக்கு முழு வெளிச்சம், நமக்கு முக்காடு போட்ட வெளிச்சமா?"

"நாலு தடவ கிழிச்சுக் கிழிச்சு எழுதுனியேடா," என்றாள் அம்மா. அவள் குரல்தான் எனக்கு அதிகம் வலித்தது. அத்தை வரிசையில் குனிந்து குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தன் வயலுக்காகத் தெரு வெளிச்சத்தைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை என்பது தெரிந்தது. "மொதல்ல அங்க மூடச் சொல்லு. அப்புறம் இங்க வா," என்று அண்ணி முடித்துவிட்டாள்.

பஞ்சாயத்துத் தலைவருக்குப் போன் போட்டேன். "ரெண்டு தெருவும் சரின்னா எனக்கு என்ன? சண்டைன்னு வந்தா நீதான் பாத்துக்கணும்," என்று வைத்துவிட்டார்.

மேலத்தெருக் கம்பத்துக்கு எதிர்வீடு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருடையது. பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக் கொல்லைப்புறம் எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில், வேலைக்குப் போகும் அம்மாவோடு அந்த வழியாகத்தான் போவேன். வாசல் கேட்டில் நின்றது அன்றுதான். அப்பாவாக இருந்தால் 'ஐயா' என்றிருப்பார். நான் 'சார்' என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு ஆட்சேபணை இல்ல தம்பி. அந்த வெளிச்சத்துக்காகவே ஜன்னலுக்குத் திரை போட்டுத்தான் தூங்கறேன். ஆனா உங்க தெருவுல மூடாம எங்கள மட்டும் மூடச் சொன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐப்பசி பாதி போயிற்று. தினமும் வேலை முடிந்து ஏழு மணி பஸ்ஸில் ஊருக்கு வருவேன், இரண்டு தெருவுக்கும் நடப்பேன், கடைசி பஸ்ஸில் திரும்புவேன். ஆபீஸில் காலண்டரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. விளக்கு சுவிட்சும் குடிநீர்த் தொட்டியும் ஒரே ஆள் பொறுப்பு. எங்கள் ஊரில் அவரை ஆபரேட்டர் என்போம். "தகரத்த வெட்டி வச்சுட்டேன். ஒரே நாள்ல ரெண்டும் மாட்டிடலாம். எது மொதல்லங்கறத மட்டும் என்ட்ட கேக்காத," என்றார்.

மூன்றாவது முறையாக வங்கிக்காரர் வீட்டு கேட்டில் நான் நின்றபோது, உள்ளேயிருந்து வீட்டம்மா குரல் வந்தது.

"மூடித் தொலைக்கச் சொல்லுங்களேன். அந்தப் பூச்சியெல்லாம் வந்து சாம்பார்லதான் விழுது. எங்களுதே மொதல்ல ஆகட்டும்!"

வேலை நடந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், இருட்டி விளக்கு போட்ட பிறகு. மேலத்தெருவில் ஆபரேட்டர் ஏணி சாத்தியபோது எங்கள் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூட்டமாக வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. கண்ணால் பார்க்காமல் சம்மதிப்பதில்லை என்று அவர்களே பேசி முடிவெடுத்திருந்தார்கள். வேலைக்கு அல்லாமல் அவர்கள் அந்தத் தெருவுக்குள் வந்ததே இல்லை. நடுத்தெருவில் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து நின்றார்கள்.

"அந்தக் கடைசி முகம் இன்னும் பளிச்சுன்னு தெரியுது பாருங்க," என்றாள் அண்ணி. ஆபரேட்டர் முணுமுணுத்துக்கொண்டே தகரத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார். அம்மா விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று நான்கு வரை எண்ணினாள். மேலத்தெருக்காரர்கள் வாசல்களில் வந்து நின்றார்கள். "உள்ள வந்து உக்காருங்களேன்," என்று வங்கிக்காரர் வீட்டம்மா கூப்பிட்டார். ஒருவரும் நகரவில்லை. சண்டை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் என்று நான் மூடியைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. இப்ப நம்ம தெருவுக்கு வாங்க," என்றாள் அம்மா. என்னிடம் அல்ல, ஆபரேட்டரிடம்.

எங்கள் கம்பத்தில் நாலாவது மூடி இறங்கியதும் வயல் சட்டென்று கறுத்தது. தெரு அப்படியேதான் இருந்தது. இத்தனை நாள் ஊர் ஊராகப் போய் வானத்தைப் பற்றிப் பேசியவன், அன்று வானத்தை அண்ணாந்து பார்க்கவே மறந்துபோனேன். பயிரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்த்திகை பிறக்க ஒன்பது நாள்தான் இருந்தது. போதுமா என்று விதைப் பண்ணை அக்காவுக்கும் தெரியவில்லை. தண்டைக் கீறினால் உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளையாக இளங்கதிர் இருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் செல்போன் வெளிச்சத்தில் ஒரு தண்டைப் பிடுங்கிக் கீறினேன். தண்ணீரும் பச்சையும்தான் இருந்தன. அத்தை ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"தெனம் ரெண்ட கிழிச்சேன்னா, விளக்கு தின்னத விட நீ தின்னதுதான் ஜாஸ்தியா இருக்கும். போடா."

மார்கழி பிறந்து சில நாளில், ஆபீஸில் இருந்தபோது அத்தையின் போன் வந்தது. "வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினேன். மற்ற வயலில் கதிர் வெளியே வந்து தலை சாயத் தொடங்கியிருந்தது. கம்பத்துப் பக்கம் கதிர் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. கம்பத்தை ஒட்டிய இரண்டு வரிசை மட்டும் விறைப்பாக, பச்சையாக நின்றது.

"அத மாட்டுக்கு அறுத்துக்கறேன்," என்றாள் அத்தை. "நெலக்காரரு காலையில வந்து சுத்திப் பாத்துட்டுப் போனாரு."

"என்ன சொன்னாரு?"

"அடுத்த வருஷமும் இதே ரகந்தானான்னு கேட்டாரு."

"அப்படின்னா?"

"அப்படின்னா அடுத்த வருஷமும் நெலம் எனக்குத்தான். அதுக்கு மேல அவரு வாயில வராது."

நான் வரப்பிலிருந்து இறங்கி அந்த இரண்டு வரிசைக்குப் போய் ஒரு தண்டைப் பிடுங்கி நகத்தால் கீறினேன்.

"அத விடுடா," என்றாள் அத்தை.