கஜத்துக்கு நாலு விரல்

மஹ்ரூப் நானா ஒரு சாண் வெள்ளைத் துணியைப் பேசின் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மஹய்யாவவிலுள்ள தன் வீட்டின் பின்பக்கக் கொடியில் விரித்தார். பொட்டணி சுமந்து வீடு வீடாகத் துணி விற்பவர். புதுத் துணி எது வந்தாலும் இந்தச் சோதனை முடியாமல் தோளில் ஏற்றமாட்டார்.

"விக்க முந்தித் துவைக்கிற யாவாரி கண்டியிலயே நீங்க ஒராள்தான்" என்றாள் மனைவி றம்லத்.

"தச்ச பொறகு சுருங்கினா ஏச்சு வாங்குறது நீயா, நானா?"

தேசங்களை அவர் அறிந்தது இப்படித்தான். மெட்ராஸ் துணி கஜத்துக்கு இரண்டு விரல் சுருங்கும், ஜப்பான் நாலு. அந்த விரல்களைக் கஜக்கோலுக்கு வெளியே அளந்து, காசில்லாமல் சேர்த்து வெட்டுவார். ஜப்பான் துணி மலிவு, கட்டுப்படியாயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில் ஜப்பான் துணிக்கு அரசாங்கம் இறக்குமதிக் கோட்டா வைத்தது. "கடலுக்கும் வேலி போட்டுட்டானுகள்" என்று முனகிக்கொண்டே கொழும்பிலிருந்து நானா மஞ்செஸ்டர் துணியோடு திரும்பினார். விலை ஏறக்குறைய இரட்டிப்பு. கொடியில் கிடந்தது அதுதான். காய்ந்ததும் அளந்தார். ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை.

"நல்லதுதான். இனி ஒரு விரலும் சும்மா குடுக்கத் தேவல்ல" என்றாள் றம்லத்.

அம்பிட்டியவில் பியட்றிஸ் காத்திருந்தாள். பங்களா ஒன்றில் ஆயா வேலை பார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை மகள் தெரேசாவுக்குக் கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுனுக்கு இரண்டரைக் கஜம் வேண்டும். ஜப்பான் வெள்ளை கொண்டுவருவதாக இரண்டு மாதத்துக்கு முன்பே வாக்குக் கொடுத்திருந்தார் நானா.

"அது இனி வராது, பிள்ள. இதுதான் ஈக்குது. மஞ்செஸ்டர். முக்கிப் பாத்தேன், சுருங்கவே சுருங்காது." விலையைத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பியட்றிஸ் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "காசு ரெண்டு கஜத்துக்குத்தான் காணும் நானா. கவுனுக்குக் கை வைக்காம தச்சுருவேன்."

"கையில்லாம கோயிலுக்குள்ள விடுவாங்களா?"

"சாமி விட்டுருவாரு. சிஸ்டர்தான் விடமாட்டாங்க" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

நானா துணியைப் பலகையில் விரித்துக் கஜக்கோலை வைத்தார். ஒரு கஜம். கோலுக்கு வெளியே நாலு விரல். அதற்கப்பால் இன்னும் நாலு. இன்னும் நாலு. இரண்டாவது கஜத்துக்கும் அப்படியே. கத்தரிக்கோல் ஓடியது.

பியட்றிஸ் துணியைத் தூக்கிப் பார்த்தாள். கை வைக்கவும் போதும். "நானா, இது சுருங்காதுன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அவள் நீட்டிய காசை எண்ணாமல் சட்டைப்பையில் போட்டு, பொட்டணியை இறுக்கி முடிந்து தோளில் ஏற்றிக்கொண்டு, மஹ்ரூப் நானா தலையைக் குனிந்து வாசலைத் தாண்டிப் போனார்.