ரயிலடி அக்கா

எங்கோ சீமையில் மோட்டார் வண்டிகள் விற்கவில்லை என்று ரப்பர் விலை விழுந்தது. மலாயாவில், கிள்ளானுக்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். வரிசையில் நிற்க வைத்து, கங்காணி என் புஜத்தைப் பிடித்துப் பார்த்தார். மலைக்காய்ச்சலில் அது ஈர்க்குச்சியாய் மெலிந்திருந்தது.

“இது வேலைக்கு ஆகாது, ஊருக்குக் கப்பலேத்திடுங்க” என்றார். ‘இவன்’ என்றுகூடச் சொல்லவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் வழியில், கிள்ளான் ரயிலடியில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது, அங்கே இட்லி விற்கும் அக்கா ஒருவர் எனக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். கப்பலேற்றிவிடக் கூட வந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி அவசரப்படுத்தினார்.

“கப்பல் போயிரும், எழுப்பி விடும்மா.”

“இப்படியே ஏத்துனா பொணத்தைத்தான் கடல்ல போடுவீங்க. விட்டுட்டுப் போங்கய்யா, நான் பாத்துக்கறேன்.”

தொல்லை விட்டது என்று கிராணி போய்விட்டார்.

அக்காவும், தண்டவாள வேலை பார்த்த அவர் கணவரும் தங்கள் ஒற்றை அறையில் எனக்கும் பாய் விரித்தார்கள். காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை கொடுத்து, கசப்புக்கு வெல்லமும் கொடுத்தார்கள். எழுந்து நடமாடத் தொடங்கியதும் மாவாட்ட உட்கார்ந்தேன். அக்கா குழவியைப் பிடுங்கிக்கொண்டார்.

“உன்கிட்ட வேலை வாங்கவா சோறு போட்டேன்? மொதல்ல தேறுப்பா.”

அழுதுவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, இந்த உடம்பால் என்ன ஆதாயம் என்று பார்க்காமல் எனக்குச் சோறு போட்ட முதல் ஆள் அவர்தான்.

காலம் கொஞ்சம் தேறியதும், அவர் கணவரே கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் எனக்கு ரயில்வே வேலைக்குச் சொல்லிவிட்டார். பிறகு அங்கேயே குடும்பமானேன். என் மூத்த மகள் பிறந்தபோது, அவளை முதலில் மடியில் வாங்கியதும் அந்த அக்காதான்.