டயர் வால்வுப் பலகையின் பின்பக்கம்

உள்ளங்கை அளவில் ஓர் அயனி மரப் பலகை, மேலே ஒரு துளை, துளையில் சணல். எங்கள் லாரி உதிரிபாகக் கடையில் இருநூறு டிராயர்களின் முன்னால் இப்படி இருநூறு பலகைகள் தொங்கின. இரும்பு அலமாரி வந்தபிறகும் ஒன்றை மட்டும் என் மேசையில் வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஆங்கிலத்தில் ‘டயர் வால்வு’ என்று இரண்டு வரி. சொல் ஒன்றுதான், எழுத்துதான் வேறு.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாறசாலையிலிருந்து வெள்ளறடை வரைக்கும் ஓடுகிற லாரிக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வரவேண்டும் என்று ஆக்கினவன். இங்கிலீஷ் வாசிக்க எனக்கு ஒருத்தனும் சொல்லித்தரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் விட்டது, கடையில் பாதி என் கூட்டாளியுடையது என்பதை. விளவங்கோட்டுக்காரன், மிஷன் பள்ளியில் ஏழு வரை படித்தவன்.

யுத்தம் முடிந்து, பட்டாளத்து அமெரிக்க லாரிகள் ஏலத்துக்கு வந்திருந்தன. இங்கிலாந்து உதிரிபாகப் புத்தகத்தில் ‘டயர்’ என்ற சொல்லின் நடுவில் வால் வைத்த எழுத்து. அமெரிக்கப் புத்தகத்தில் புள்ளி வைத்த எழுத்து. “எத எழுதட்டும்?” என்றான் கூட்டாளி. எனக்கு வால் கண்ணுக்குப் பழகியிருந்தது. “ஒண்ணு போதும்லே. வாலு உள்ளத எழுது” என்றேன். சாமான் பேர் எழுதின சீட்டு கொண்டுவருகிற கிளீனருக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. சீட்டைப் பலகையோடு சேர்த்துப் பிடித்து உருவம் பார்ப்பேன். ஒத்துவராத சீட்டெல்லாம் கூட்டாளி கைக்குப் போகும்.

பிறகு எல்லைப் போராட்டம். தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று அவன் ஊர்வலம் போவான். நான் கடை திறப்பேன். கடைசியில் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கம் போனது, எங்கள் கடை இருந்த நெய்யாற்றின்கரை கேரளத்துப் பக்கம் நின்றது. “நீயும் வா மக்கா, களியக்காவிளை தாண்டிக் கடை போடுவோம்” என்றான். வாடிக்கையை விட்டு வர மனசில்லை என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. “நீ இல்லேண்ணா கடை பூட்டிப் போவுமோ? இது நான் உண்டாக்கின கடையாக்கும்” என்றேன். “செரி, முதலாளி” என்றான். அதற்குமுன் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

அடுத்த ஒரு வாரம் பலகைகளைக் கழற்றிப் பின்முற்றத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கிறான் என்றுதான் நினைத்தேன். போகும்போது “வாறேன்” என்றான். நான் தலை நிமிரவில்லை.

மூன்றாம் நாள் வால் இல்லாத எழுத்தில் ஒரு சீட்டு வந்தது. வாசித்துச் சொல்ல அவன் இல்லை. பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், பழைய வரிக்குக் கீழே நீலப் பெயின்டில் சீட்டிலிருந்த அதே உருவம். திருப்பினேன். பின்னால் குட்டியாக ஒரு வால்வின் படம், மூடியோடு. இருநூறையும் திருப்பினேன். இருநூறிலும் படம்.

அவன் வீடு மூன்று மைல். ஒரு நாள் பஸ் ஏறிப் போய், “பாத்தேன் மக்கா” என்று சொல்லியிருக்கலாம். கடை பெரிதாகட்டும், காரில் போய் இறங்கலாம் என்று இருந்தேன். கார் வாங்கினேன். அந்த வீட்டு முன்னால் அதை முதன்முதலாக நிறுத்தியது அவன் அடக்கத்தன்று.

இப்போது சரக்கைத் தேடி எடுக்கப் பேத்தி கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறாள். “டயருக்கு ஒய் எழுத்தா, ஐ எழுத்தா தாத்தா? ஒண்ணு போதும்” என்றாள்.

பலகையை அவள் முன்னால் வைத்தேன். “ரெண்டும் வேணும். படமும் போடு.”

“எனக்கு வேலை கூடும்லா. உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே, படம் எதுக்கு?”

தெரியும்தான். படத்தைப் பார்த்து, திருப்பி எழுத்தைப் பார்த்து, மறுபடி திருப்பி, இந்தப் பலகைகளில்தான் படித்தேன். சணல் இற்றுப்போயிருக்கிறது. நீலம் இன்னும் இருக்கிறது.