சனிக்கிழமை மீன்

மேடவாக்கத்தில் குடியிருந்துகொண்டு, சென்னையை அடுத்த கோவளத்தில் ஒரு ரிசார்ட்டுக்குச் சாமான் வாங்கிப் போடும் வேலை எனக்கு. அந்த ஊரின் பிழைப்பைப் பற்றி யாராவது கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுவேன்: வாரத்தில் இரண்டு நாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐ.டி. கம்பெனிக் கார்கள் ஈ.சி.ஆர். சாலையில் வரிசை கட்டும். அறை வாடகைக்கு விடுகிறவர், அலைச்சறுக்குச் சொல்லித்தருகிறவர், சுண்டல்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வாரத்துக்கானதைச் சம்பாதித்துவிட வேண்டும். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மணலில் நாய்கள்தான் ஹாயாகப் படுத்திருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ரிசார்ட் சுவரை ஒட்டியே மீனவக் குப்பம். எங்கள் சமையலறைக்கு மீன் வருவதோ சென்னையிலிருந்து ஐஸ் வண்டியில். செஃப்புக்கு எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டுமாம்! அவரோடு மல்லுக்கட்டி, குப்பத்து அக்கா ஒருவரிடம் தினமும் வாங்க நான்தான் ஏற்பாடு செய்தேன். அவர் வீட்டுக்காரருக்குச் சொந்தப் படகு. அதுவரை கூடையைத் தலையில் சுமந்து கேளம்பாக்கம் வரை தெருத்தெருவாக விற்றவர். முட்டி தேய்ந்துபோயிருந்தது.

"கூடைய எறக்கி வெச்சிட்டேன் சார்" என்று சிரித்தார்.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை, ஒரு கல்யாண வரவேற்பு. 'இன்று காலை இந்தக் கரையில் பிடித்த மீன்' என்று அட்டையே அச்சடித்தாயிற்று. அன்று காலை அக்கா போன் செய்தார்.

"சார், குப்பத்துல ஒரு சாவு. ஒரு போட்டும் எறங்கல. எடுக்கற வரைக்கும் எறங்காது."

"உங்க வீட்டுலயா?"

"இல்ல சார், நாலு வூடு தள்ளி. அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பேசாதவங்களுக்காக என் கழுத்தை அறுக்கறீங்களேக்கா!" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

ஐஸ் வண்டியை வரவழைத்தேன். அட்டையை மாற்றவில்லை. விருந்தாளிகள், "ஆஹா, என்ன ஃப்ரெஷ்!" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். "இதுவே போதுமே, குப்பத்து மீன் எதுக்கு?" என்றார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பேசவில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா மீனோடு பின்கேட்டுக்கு வந்தார். இனி குப்பத்து மீன் வேண்டாமாம் என்று விஷயத்தைச் சொன்னேன். அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"ஆர்டர் போனா இன்னா சார், கூடை கீது. அன்னிக்கி போட்ட எறக்கியிருந்தா, நாளிக்கி என் வூட்ல ஒண்ணுன்னா எவன் வருவான்? ஏன், உங்க பக்கம் இதெல்லாம் பாக்க மாட்டாங்களா?"

"பாப்பாங்கக்கா" என்றேன். சொல்லும்போதே கூசியது.

எங்கள் அடுக்குமாடியில் அதற்கு முந்தின மாதம்தான் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோயிருந்தார். எனக்கு அன்று ட்யூட்டி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கிப் போனேன்.