இலவச வைத்தியத்துக்குப் போகும் வழி

சட்டைக் கம்பெனியில் நாளெல்லாம் இஸ்திரி போடுகிறவள் என்பதால் தெருவில் அவளுக்கு இஸ்திரியக்கா என்றே பேர். அவள் வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்தவர். பக்கவாதம் வந்து வலது கையை மடக்கிப் போட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், காலணா வாங்குவதில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்! இங்கே சுண்டைக்காய் இனாம், சுமைகூலிதான் உயிரை வாங்குகிறது.

வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் விலை ஏறியது, ஆட்டோ வாடகையும் ஏறியது, மூன்று நாள் ஒரு நாளானது. ஆட்டோக்காரத் தம்பி நல்லவன்தான். "நான் என்னக்கா பண்றது? என் வீட்லயும் அடுப்பு எரியணுமே" என்று தலையைச் சொறிந்தான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. வேறு யாரைத்தான் திட்டுவது?

பஸ்ஸிலும் ஏற்றிப் பார்த்தாள். கம்பியைப் பிடிக்குமுன் வண்டி கிளம்பி, மனிதர் யார் மடியிலோ போய் விழுந்தார். "காலங்காத்தாலயே தண்ணியா?" என்றான் ஒருவன். பாவி, அவன் வாயில் என்ன நாக்கோ! அன்றோடு பஸ் பேச்சு போயிற்று. தன் மினிபஸ் காசை மிச்சம் பிடிக்க அவள் வேலைக்கு நடந்தே போகிறாள். அதுவும் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பயிற்சி தரும் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார்: "இப்ப விட்டுட்டா கை இப்படியே நின்னுடும். அப்புறம் வந்து அழுது பிரயோஜனம் இல்ல."

ஆட்டோ வரும் நாள். குழாயடியிலிருந்து அவள் குடத்தோடு வந்தபோது, அவர் கழுத்துவரை பட்டன் போட்டு, மாப்பிள்ளை மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா? நானே போட்டேன். கை சரியாயிடுச்சு. இனிமே ஆட்டோவும் வேணாம் கீட்டோவும் வேணாம், தம்பிகிட்ட சொல்லிடு."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நெசமாவா? எங்க, இன்னொரு தடவ போடுங்க, பாக்குறேன்!"

"இப்பதானே போட்டேன், வலிக்குது. போய்ச் சொல்லிட்டு வா."

சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்குப் பட்டன் சரியா போட்டிருக்கேனாக்கா? நீங்க தண்ணிக்குப் போனதும் கூப்பிட்டாரு. உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாம்."

அவள் அப்படியே நின்றாள். உள்ளே போய் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோலக் கேட்கலாமா என்று ஆத்திரம் வந்தது. கேட்டு? ஆட்டோவில் ஏற்றினால் அடுத்த வாரம் உலை வைக்க ஒன்றுமில்லை. அதற்குள் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது.

"அவருக்குக் கை நல்லாயிடுச்சு, தம்பி. இனிமே வர வேணாம்."

தம்பிக்கு வாயெல்லாம் பல். "கேக்கவே வயிறு குளுந்துபோச்சுக்கா!" என்று வண்டியைத் திருப்பினான்.

உள்ளே வந்தவளை அவர் ஏறிட்டுப் பார்த்தார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.